குங்குமம் வைத்த மூலை

சிப்பின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு புள்ளியைக் குழித்திருப்பார்கள், எந்தப் பக்கம் தலை என்று தெரிவதற்காக. சாக்கெட்டிலும் அதற்கு நேராக ஓர் அம்புக்குறி இருக்கும். புள்ளியை அம்புக்கு நேரே வைத்து அழுத்த வேண்டும். இதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். நான் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தவன். மாற்றி வைத்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி சொந்தமாக வடிவமைத்த முதல் சிப், வெளிநாட்டு ஆலையிலிருந்து வந்து சேர்ந்திருந்த வெள்ளிக்கிழமை அது. டைரக்டர் கோதண்டபாணி சார் ராகுகாலம் முடியும்வரை காத்திருந்து, ஆய்வகத்து மேஜையில் ஒரு தாம்பாளத்தை வைக்கச் சொன்னார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் சிப். அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். என்னோடு வேலை பார்க்கும் ஹம்சா வைத்தாள். சிப்பின் நடுவில் கம்பெனி பெயர் அச்சாகியிருந்தது. பெயரை மறைக்க வேண்டாமே என்று ஒரு மூலையாகப் பார்த்து வைத்தாள்.

பிறகு சிப் என் கைக்கு வந்தது. சிப்பைச் சோதிப்பதுதான் அங்கே என் வேலை. முதுகுக்குப் பின்னால் மொத்த ஆபீஸும் நின்றது. குனிந்து பார்த்தேன். மூலையில் ஒரு புள்ளி, சிவப்பாக, பளிச்சென்று இருந்தது. அம்புக்கு நேரே வைத்து அழுத்திவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

மெல்லிய புகை நேராக எழுந்தது. எல்லாரும் ஊதுவத்தி என்றே நினைத்தார்கள். கோதண்டபாணி சார் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசனை வந்த பிறகுதான் யாரோ கேட்டார்கள், "என்ன சார் ஊதுவத்தி இது, டயர் எரியற மாதிரி கீது?"

குங்குமத்தைப் புள்ளி என்று நினைத்துவிட்டேன் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பூஜையின் மேல் பழி விழும். வைத்தவள் மேலும் விழும். "கவனிக்கலை சார்" என்றேன்.

"பரவால்ல, பரவால்ல" என்றார் கோதண்டபாணி சார். எங்கள் ஆபீசில் பரவாயில்லை என்றால், சாகும்வரை மறக்க மாட்டோம் என்று அர்த்தம்.

எல்லாரும் கலைந்த பிறகு ஹம்சா தாம்பாளத்தை எடுக்க வந்தாள். கருகிய சிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். குங்குமம் இருந்த மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சேரா, நீ இதைப் பார்த்தா வெச்சே?"

"வேற எதைப் பார்க்கறது? அதுதானே பெருசா இருந்துச்சு?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "யார்கிட்டேயும் சொல்லாம இருந்தியே, நீ ரொம்ப நல்லவன்டா" என்றாள். மறுநாள் எனக்கென்று ஒரு டப்பாவில் எலுமிச்சை சேவை கொண்டுவந்தாள். ஒரு சிப்புக்கு ஒரு டப்பா சேவை என்றால் எனக்கு லாபம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. என் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

ஆபீஸ் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடி. கீழே யாராவது ஒரு அண்டாவைக் கை தவறிப் போட்டால் மேலே எங்கள் பேச்சு நின்று, மறுபடி தொடங்கும். ஹம்சா மயிலாப்பூர், மாட வீதி. நான் கோட்டூர்புரம், ஆற்றோரம், ஹவுசிங் போர்டு. அவள் சிப்பின் முக்கியமான பாகத்தை வடிவமைத்தவள். நான் எழுதும் அறிக்கைகளில் இங்கிலீஷ் தப்பு இருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் பென்சிலால் திருத்தி என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். நான் திருத்தியதை அழித்துவிட்டு என் கையெழுத்தில் எழுதிக்கொள்வேன். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த மாதக் கடைசியில் அவள் அமெரிக்கா போகிறாள். வேலை கிடைத்துவிட்டது, விசா குத்தியாகிவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர்கள் கோதண்டபாணி சாருக்கு ஃபோன் போட்டு, பெண் எப்படி என்று விசாரிப்பது மட்டும்தான் பாக்கி.

சிப்பின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கான சிப். லைனில் வரும் பேச்சு ஒரு கடிகாரத் துடிப்பில் வரும். பெட்டிக்குள் இருக்கிற சர்க்யூட் வேறொரு துடிப்பில் ஓடும். திருவிழாவில் கிழக்கு மாட வீதியில் ஒரு மேளமும் தெற்கு மாட வீதியில் இன்னொரு மேளமும் அடித்தால் எப்படி? இரண்டும் நல்ல தாளம்தான். ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றின் அடி எப்போது விழும் என்று தெரியாது. முனையில் நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம்.

அந்த முனையில்தான் "தயார்" என்று ஒரு சேதி கடக்க வேண்டும். லைன் பக்கம் கை தூக்கும்; பெட்டிப் பக்கம் தன் அடி விழும்போது அதைப் பார்க்கும். பார்த்ததை ஒரு சின்ன அறையில் வைத்துக்கொள்ளும். அதற்கு ஃப்ளிப்-ஃப்ளாப் என்று பெயர். அந்த அறையில் ஒன்று இருக்கலாம், இல்லை பூஜ்யம் இருக்கலாம். ஆனால் சரியாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும்போதே அடி விழுந்தால், அந்த அறை ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது. நடுவில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து எந்தப் பக்கமாவது விழும். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அதனால் அடுத்தடுத்து இரண்டு அறைகள் வைப்பார்கள், முதல் அறைக்கு முடிவெடுக்க அவகாசம் கிடைக்கட்டும் என்று. மனுஷர்களுக்கு யாரும் இந்த வசதியைச் செய்து தருவதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. அந்தச் சேதியை ஓர் இடத்தில்தான் வாங்க வேண்டும். வாங்கி, முடிவான பிறகு, வேண்டியவர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கலாம். இரண்டு இடத்தில் தனித்தனியாக வாங்கினால், ஒருவன் வந்தாச்சு என்பான், இன்னொருவன் வரலை என்பான். ஒரே சேதியைத்தான் இரண்டு பேரும் கேட்டிருப்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

கருகியது போக மிச்சம் இருந்த சிப்புகளை ஹம்சா தன் கையால் சாக்கெட்டில் வைத்தாள். மணிக்கட்டில் உடம்பு மின்சாரம் தரையில் இறங்குவதற்கான பட்டை, கீழே ரப்பர் விரிப்பு, எல்லாம் முறைப்படி. சிப் ஓடியது. கைதட்டினார்கள். மத்தியானம் பார்த்தால் நின்றுபோயிருந்தது. அணைத்துப் போட்டால் ஓடியது. சில சமயம் நாள் முழுக்க ஓடும். சில சமயம் காபி வருவதற்குள் நின்றுவிடும். சூடாக்கிப் பார்க்கலாம் என்று கோதண்டபாணி சார் தன் வீட்டு ஹேர் டிரையரைக் கொடுத்தனுப்பினார். சூட்டிலும் நின்றது, குளிரிலும் நின்றது. டிசைனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் மட்டும் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் பூஜ்யமும்தான் தெரியும். நடுவில் நிற்பது என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இரண்டே வாரத்தில் ஆபீஸ் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. காரணம் நான். அந்த வெள்ளிக்கிழமை பட்டை கட்டாமல், சிப்புகள் அடுக்கி வந்த தட்டைத் திறந்தவன் நான்தான். என் உடம்பிலிருந்த மின்சாரம் எல்லா சிப்பிலும் ஏறி உள்ளே அரித்துவிட்டது என்றார்கள். சந்தனம் வைத்த விரல், குங்குமம் வைத்த விரல், ஆசீர்வாதம் பண்ணிய கை, இவற்றில் எதிலும் மின்சாரம் இல்லையாம். கோட்டூர்புரத்துக் கையில் மட்டும்தான் இருந்ததாம்.

"சேரன், நீ தப்பா எடுத்துக்கப்படாது" என்றார் கோதண்டபாணி சார். "நீ பக்கத்துல நின்னு பாரு. தொடறதை மட்டும் ஹம்சா பார்த்துக்கட்டும்."

"அப்ப நான் தொடக்கூடாதா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையே?"

அவரிடம் ஆமென்றோ இல்லையென்றோ ஒரு பதிலை நான் வாங்கியதே இல்லை. லீவு கேட்டால் "ஊர்ல மழையா?" என்பார். சம்பளம் ஏறுமா என்று கேட்டால் "அம்மா சௌக்கியமா?" என்பார். நல்ல மனிதர்தான். நல்லவர்களோடு வேலை பார்ப்பதில் இருக்கிற கஷ்டம் அது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பிரிக்காத தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. என் கை அதில் படவே இல்லை. ஒருநாள் மத்தியானம் ஹம்சாவிடம், "அதுலேர்ந்து ஒண்ணை எடுத்து நீயே வை. நான் கையைக் கட்டிண்டு நிக்கறேன்" என்றேன். அவளோடு பேசிப்பேசி எனக்கும் அந்த "ண்டு" ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இப்போ?"

"என் மேல விழுந்த பழி போகுமான்னு பார்க்கத்தான்."

அவள் சிரிக்கவில்லை. உறையைப் பிரித்து, பட்டையை இறுக்கி, புள்ளியை அம்புக்கு நேரே வைத்து அழுத்தினாள். சிப் ஓடியது. நான் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ ஒரு குக்கரை விலை பேசி முடித்துக் கிளம்பினார்கள். அதற்குள் சிப் நின்றது.

"பார்த்தியா? இதை நான் தொடவேயில்லை."

ஹம்சா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பார்சலை ஏர்போர்ட் கார்கோலேர்ந்து உன் மொபெட்ல வெச்சு எடுத்துண்டு வந்தது யாரு?"

நான் சிரித்தேன். அவள் சொன்னது ஜோக் என்று நினைத்துதான் சிரித்தேன். அவள் முகத்தில் ஜோக் இல்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: உறைக்குள் இருக்கிற சிப்பை மொபெட் ஒன்றும் செய்யாது.

சிப்புக்குள் நடப்பதில் சில சோதனைக்காக வெளியே தெரியட்டும் என்று சிப்பின் விளிம்பில் இரண்டு உலோகக் கால்கள் விடச் சொல்லி, வடிவமைக்கும்போதே அடம்பிடித்தவன் நான். வாடகைக்கு எடுத்த லாஜிக் அனலைசரின் கம்பிகளை அந்த இரண்டிலும் மாட்டினேன். அது பல கம்பிகளில் ஏறுவதையும் இறங்குவதையும் கோடு கோடாகத் திரையில் காட்டும் பெட்டி. ஒரு கால், பேச்சை எடுத்துக்கொள்ளும் பாகம் எப்போது "தயார்" என்று கேட்டது என்று காட்டும். இன்னொன்று, எவ்வளவு எடுத்தோம் என்று எண்ணும் பாகம் எப்போது கேட்டது என்று காட்டும். இரண்டும் ஒரே சேதி. இரண்டும் சேர்ந்துதான் ஏற வேண்டும். சேராமல் ஏறினால் நிறுத்திப் பிடி என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் ஜன்னலில் இருக்கும்போதே அது பிடித்துவிட்டது. ஒரு கோடு ஏறியிருந்தது. இன்னொன்று ஒரு துடிப்பு தள்ளி ஏறியிருந்தது. ஒருவன் எடுத்துவிட்டான், மற்றவன் எண்ணவில்லை. அப்புறம் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள்.

சேதியை இரண்டு இடத்தில் வாங்கியிருந்தாள் ஹம்சா.

என் கை சுத்தம் என்று தெரிந்ததும் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. தப்பு யாருக்கும் வரும். இரண்டு பாகத்தையும் இரண்டு மாதத்தில் தனித்தனியாக வரைந்திருப்பாள், ஒவ்வொன்றிலும் முறைப்படி இரண்டு அறை வைத்திருப்பாள், மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க நேரம் இருந்திருக்காது. இதெல்லாம் அவளுக்காக நானே என்னிடம் சொல்லிக்கொண்டது. அவளுக்கு நானே வக்கீல், நானே ஜட்ஜ், கோர்ட்டுக்கு வெளியே டீ வாங்கி வருபவனும் நானே.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் திரையைப் பார்த்தாள்.

"கேபிள் லூஸா இருக்கும்" என்றாள்.

"மாத்தி மாட்டியும் பார்த்துட்டேன்."

"ஓ." வாட்சைப் பார்த்தாள். "டெய்லர்கிட்ட போகணும். ரெண்டு பிளவுஸ் பாக்கி. நாளைக்குப் பேசலாமா?"

"நீயே சார்கிட்ட சொல்லிடு ஹம்சா. நீ கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும். சின்ன மாத்தம்தானே, ஓர் இடத்துல வாங்கி ரெண்டு பக்கம் அனுப்பணும், அவ்வளவுதான்."

"பார்க்கறேன்" என்றாள். கோதண்டபாணி சாரிடம் கற்றுக்கொண்டாள் போல.

நாளைக்கும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை. அதற்குள் ஆலைக்காரர்களிடமிருந்து ஃபேக்ஸ் வந்துவிட்டது: மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?

கோதண்டபாணி சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆரம்பிக்கச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் முடிவு. சிப்பில் குறை இல்லை, கையாள்வதில்தான் குறை. புது விரிப்பு, புதுப் பட்டை வாங்கிவிட்டால் சரியாகிவிடும். "என்ன சொல்றேள்?" என்றார், பதிலை எதிர்பார்க்காத குரலில்.

அந்த டிசைனிலேயே தட்டுத் தட்டாக வரும். எல்லா எக்ஸ்சேஞ்சிலும் போய் உட்காரும். ஏதோ ஓர் ஊரில் ஓர் அம்மா, துபாயில் இருக்கிற மகன் வாரத்துக்கு ஒருமுறை போடும் ஃபோனில், "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது லைன் செத்துப்போகும். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. மறுபடி மறுபடி அலோ அலோ என்பாள். எனக்கு அந்த அம்மா என் அம்மாவின் குரலில்தான் கேட்டாள்.

ஹம்சாவைப் பார்த்தேன். அவள் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார்" என்றேன். "டிசைன்ல தப்பு இருக்கு. தயார் சேதியை ரெண்டு இடத்துல வாங்கியிருக்கு." அனலைசர் படத்தை எடுத்து வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். புத்திசாலி, உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல்முறையாக, நேரான ஒரு கேள்வி கேட்டார்.

"இது யார் முடிவு?"

கீழே ஓர் அண்டா விழுந்தது. நல்ல பெரிய அண்டா. அது அதிர்ந்து அடங்கும்வரை அறையில் யாரும் பேசவில்லை. ஹம்சா பேசுவதற்கு அது போதுமான அவகாசம். வளையல் ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது.

"நான்தான் சார்" என்றேன். "சோதனை பண்ண வசதியா ரெண்டு பக்கமும் தனித்தனியா வாங்கச் சொன்னேன். அதுக்குத்தான் அந்த ரெண்டு கால். ஹம்சா அப்பவே வேணாம்னா. நான்தான் கேக்கலை."

பொய் சொல்லும்போது எனக்கு நன்றாக வரும். உண்மையைத்தான் திக்கித் திக்கிச் சொல்வேன்.

கோதண்டபாணி சார் ஒரு பெருமூச்சு விட்டார். அதில் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. எல்லாம் எங்கே இருக்கும் என்று நினைத்தாரோ அங்கேயே இருந்த நிம்மதி. "ஹம்சா, நீ திருத்திக் குடுத்துட்டுக் கிளம்பும்மா" என்றார். அவள் "சரி சார்" என்றாள். என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். வெட்கம் என்று நினைத்தேன். நன்றி என்றும் நினைத்தேன். பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால்தான் பார்க்கவில்லை என்றுகூட நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு நிறைய இருந்தது.

"சேரன், நீ கொஞ்ச நாள் ஆத்துல ரெஸ்ட் எடு" என்றார் சார்.

"வேலையை விட்டு அனுப்பறீங்களா சார்?"

"அப்படின்னு யார் சொன்னா?"

"அப்ப நாளைக்கு வரலாமா?"

"என்ன அவசரம்?"

வீட்டில் உட்கார்ந்தேன். என் அம்மா தேவானை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பேச்சில் பாதி வழியில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலம் வந்து, விளக்குமாற்றால் என் காலைத் தள்ளிவிட்டுப் பெருக்கினாள்.

"இன்னா நைனா, ஆபீஸ் பக்கமே போவாம குந்திக்கினு கீற? வேல கீதா, இல்லியா?"

"தெரியலைம்மா."

"இன்னாடா தெரில? கீதுன்னா கீது, இல்லன்னா இல்ல. நடுவுல இன்னா கீது?"

நடுவில் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இரண்டு அறை வைக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"எவனாவது உன் தலையில பழிய கட்னானா?"

"இல்லைம்மா. நானே எடுத்துக் கட்டிக்கினேன்."

"யாருக்கோசரம்?"

நான் விளக்குமாற்றை வாங்கி மூலையில் சாத்தினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி கருவாட்டுக் குழம்பில் எனக்கு மட்டும் துண்டு அதிகமாக விழுந்தது. அதோடு விஷயம் முடிந்தது.

உட்கார்ந்து யோசிப்பது கெடுதல். யோசிக்க யோசிக்க அந்த மொபெட் மறுபடி மறுபடி வந்து நின்றது. அனலைசர் காட்டுவதற்கு முன்பே, பிரிக்காத தட்டிலிருந்து எடுத்த சிப் நின்றுபோன அந்தக் கணத்திலேயே, அவள் ஏன் என் பக்கம் கையைக் காட்டினாள்? நான் பழியை எடுத்துக்கொண்டது, அவளுக்குத் தெரியாமல் நடந்த ஒரு தப்புக்காக. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடந்தது என்றால் நான் செய்தது ஒரு நல்ல காரியம். வேலை போனாலும் அது என்னோடு இருக்கும். தெரிந்தே நடந்தது என்றால் நான் வெறும் ஒரு தட்டு. வைத்ததை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருமுனை எஸ்.டி.டி பூத்துக்கு ஃபோன் பண்ணி என்னைக் கூப்பிடச் சொன்னாள் ஹம்சா. புதன்கிழமை ஃப்ளைட். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குளத்தண்ட வரியா? சாமானெல்லாம் வாங்க வருவேன். சொல்லிண்டு போகணும்" என்றாள்.

போனேன். மொபெட்டைத் தெற்கு மாட வீதியில் நிறுத்தினேன். அந்த வருஷம் தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் வெடித்த மண் தெரிந்தது. அவள் கையில் அப்பளக் கட்டு, சாம்பார்ப் பொடி, தாழம்பூ குங்குமம், அமெரிக்காவில் ஒரு குடும்பமே நடத்துகிற அளவுக்குச் சாமான். குளத்துக் கம்பியோரம் நின்றோம். பூக்காரி ஒருத்தி எங்களை ஜோடி என்று நினைத்து முழம் போட ஆரம்பித்தாள். ஹம்சா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அமெரிக்காக் கம்பெனிக்காரா ஃபோன் பண்ணினாளாம். சார் என்னைப் பத்தி ரொம்ப நன்னா சொன்னாராம்" என்றாள்.

"நல்லது."

"சிப்பைத் திருத்தி அனுப்பிட்டேன். இனிமே நிக்காது."

"தெரியும். நீ திருத்தினா சரியாத்தான் இருக்கும்."

"உனக்கும் வேற எங்கேயாவது கிடைச்சுடும், சேரா. உனக்கு இருக்கற மூளைக்கு..."

"மூளையை விடு. என் கையைப் பத்தி ஊரெல்லாம் பரவியாச்சு. அடுத்த கம்பெனில கையுறையோட இன்டர்வியூக்குப் போகலாம்னு இருக்கேன்."

அவள் சிரித்தாள். எனக்கும் தெம்பு வந்தது. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தக் குங்குமத்தை வேணும்னே அந்த மூலையில வெச்சியா?"

"போடா! சத்தியமா இல்லை."

"அப்ப இன்னொண்ணு." நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவளைப் பார்த்தால் ஜோக்தான் வரும். "ரெண்டு இடத்துல வாங்கினது. அது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்? புறப்படற நேரத்துல..."

"சும்மாத்தான்."

"நீ காட்டினே இல்லையா, அப்போ..." நிறுத்தினாள். அப்பளக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. கோவிலுக்குள் எங்கோ மணி அடித்தது. நான் காத்திருந்தேன். ஒரு ஜோக்கும் சொல்லாமல் காத்திருந்தேன். எனக்கு அது ரொம்பக் கஷ்டமான காரியம்.

"ஹம்சா, ஆலைக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். அறையைவிட்டு எழுந்து போனபோது பார்க்காத கண், இப்போது நேராகப் பார்த்தது.

"தெரியும்" என்றாள். "அனுப்பறதுக்கு முந்தின நாளே தெரியும். சொல்லியிருந்தா எல்லாம் ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்கும், எனக்கு விசா தேதி வந்துடுத்து. எப்பவாவது ஒரு தடவைதானே நிக்கும், யாருக்குத் தெரியப் போறதுன்னு விட்டுட்டேன். அன்னிக்கு உன் கையில புகை வந்துதே, எல்லாரும் பதறினா. எனக்கு அப்பாடான்னு இருந்தது, சேரா."